எண்பத்தெட்டு நாள் மூச்சு

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெயில் தாழ்ந்து உப்பு அம்பாரங்களின் நிழல் ஆடுகளத்தின் ஓரத்தை எட்டித் தொட்ட நேரத்தில், செந்தேரிவிளை அணியின் சுயம்புலிங்கம் நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உவர்க்குளத்தார் நிற்கும் பக்கத்துக்குக் கபடி பாடிக்கொண்டு போனான். அந்த மூச்சு ஆனி மாதம் வரைக்கும் நிற்கவில்லை.

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. முதல் ஒரு மணி நேரம் நல்ல மூச்சு என்றார்கள், இரண்டாவது மணி நேரம் அவன் அப்பாவுக்கும் நல்ல மூச்சுதான் என்றார்கள், விளக்குப் போடுகிற நேரமானதும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள், அப்போதும் அவன் பாடிக்கொண்டிருந்தான்.

தென்பிரிவு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கபடியில் தென்பிரிவு என்பது நான்கு ஊர். பனங்காட்டுச் செம்மணலில் உட்கார்ந்திருக்கும் எங்கள் செந்தேரிவிளை, உப்பளத்து உவர்க்குளம், வாழைத்தோட்டத்து மணலோடை, கல்குவாரிக் கூந்தக்கல். ஊருக்கு ஓர் அணி, எல்லாரும் மாதச் சம்பளத்துக்குக் கபடி ஆடுகிறவர்கள், வேறு வேலைக்குப் போகக் கூடாது. வருஷத்துக்கு ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் இரண்டிரண்டு தடவை மோதும், ஒரு தடவை நம் மண்ணில், ஒரு தடவை அவர்கள் மண்ணில். மணலோடைக்காரர்கள் மழையில்லாத நாளிலும் கறுப்புக் குடை விரித்துக்கொண்டு வந்து உட்காருவார்கள், தோற்றால் எல்லாக் குடையையும் ஒரே நேரத்தில் மடக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே மற்ற மூன்று ஊரும் அவர்கள் தோற்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ளும். ஜெயித்த ஊர் தோற்ற ஊரின் களத்திலிருந்து ஒரு சாக்கு மண் அள்ளிக்கொண்டு போய்த் தன் களத்தில் கொட்டும், நாற்பது வருஷமாக இப்படி அள்ளி அள்ளி இப்போது யார் களத்தில் யார் மண் கிடக்கிறது என்று கடவுளுக்கும் தெரியாது. விருந்தாளி அணிக்கு ஆட்டத்துக்கு முன்னால் சோறு போடுவது வழக்கம், ஆனால் உப்புப் போடாமல் போடுவதுதான் வழக்கம், நாளைக்கு யாரும் யாரிடமும் உப்பைத் தின்றாயே என்று கேட்டுவிடக் கூடாது பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பெருமை இருந்தது. ஊர் உலகமெல்லாம் கபடிக்கு முப்பது விநாடிக் கடிகாரம் வைத்துக்கொண்டபோது தென்பிரிவு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மூச்சு உள்ளவரை பாடலாம், மூச்சு முறிந்தால் அவுட், அதுதான் ஆட்டம். கடிகாரத்துக்குப் பதிலாக எங்களுக்குச் செவிநடுவர். ஆடுகிற இரண்டு ஊரையும் சேராத ஒருவர், களத்துக்கு முதுகைக் காட்டி ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. கண் பார்த்தால் அசைகிற உதட்டை நம்பிவிடும், காது நம்பாது. மூச்சு முறிந்தது என்று காதுக்குப் பட்டால் வலது கையைத் தூக்குவார், அதற்குமேல் பேச்சில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை செவிநடுவராக உட்கார்ந்தவர் மணலோடைப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் ஆசீர்வாதம்.

அந்த வருஷம் கபடிச் சம்மேளனம் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. பிரிவில் கடைசியாக நிற்கும் அணியை நீக்கிவிட்டு நகரத்து அணி ஒன்றைச் சேர்க்கப்போகிறார்களாம். நாங்களும் உவர்க்குளமும் கடைசி இடத்தில் சமமாக நின்றோம். கடைசி ஆட்டத்திலும் இருபத்தேழுக்கு இருபத்தேழு. எங்கள் பக்கம் மிச்சம் இருந்தது சுயம்புலிங்கம் ஒருவன், அவர்கள் பக்கம் தலைவர் பலவேசமும் இன்னும் இரண்டு பேரும். சுயம்பு போன வேகத்தில் பலவேசத்தின் தோளைத் தொட்டுவிட்டான். திரும்பி வந்து நடுக்கோட்டில் ஒரு விரல் வைத்தால் நாங்கள் பிழைத்தோம், அங்கேயே மூச்சை விட்டால் நாங்கள் பிரிவிலிருந்து போனோம்.

மூன்று பேரும் அவனைக் கட்டிப் பிடித்தார்கள். பிடித்தால் மற்றவனுக்கு மூச்சு முட்டும், இவனுக்கு முட்டவில்லை. மாதா கோயில் மணி இரண்டு தடவை அடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்து, கை மரத்துப்போய் விட்டுவிட்டார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளினால் அது தவறு. ஆகவே அவனுக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவில் மூன்று பேரும் சங்கிலி போட்டு நின்றார்கள். அவன் இடது பக்கம் போனால் சங்கிலி இடது பக்கம் போனது, வலது பக்கம் போனால் வலது பக்கம் போனது. அப்படியே விடிந்தது.

இது ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது, அது தங்கக்கனிக்கு மட்டும் தெரியும்.

தங்கக்கனி சுயம்புவின் மனைவி. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து ஒன்பது நாள் இருந்தான், ஒன்பதாம் நாள் காலையில் அவன் மூச்சு நின்றபோது பிள்ளை சுயம்புவின் கையில் இருந்தது. அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இரண்டு வருஷமாக அலைந்து, எழுதிப்போட்டு, காத்திருந்து, ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் திருநெல்வேலியில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அமலி என்று ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நேரில் வந்து, இருவரும் வாயைத் திறந்து சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் வரிசையில் அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். தங்கக்கனி கடிதத்தை வாசித்துக் காட்டினாள். அவன் காலில் துணி சுற்றிக்கொண்டே கேட்டான். என்ன சொல்லுதிய என்று கேட்டாள். ஆட்டம் முடியட்டும், சொல்லுதேன் என்றான். பிறகு வண்டி ஏறிப் போய், நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாட ஆரம்பித்தான்.

முதல் வாரத்திலேயே களத்துக்கு மேல் ஓலைப் பந்தல் போட்டுவிட்டார்கள். வெயிலில் நிற்பது எந்த ஊர் ஆளாக இருந்தாலும் மனுஷன்தானே. களத்தின் மூலையில் கோட்டுக்கு உள்ளேயே ஓலைத் தட்டி வைத்து மறைப்புக் கட்டினார்கள், ஏனென்றால் பலவேசமும் மற்ற இரண்டு பேரும் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் அவர்களும் அவுட். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று நான்கு ஊர்ச் செயலாளர்களும் கூடிப் பேசி, விழுங்கும்போது மூக்கு வழியாகச் சத்தம் வருமானால் மூச்சு முறியவில்லை என்றே கொள்ளப்படும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்படியே உவர்க்குளத்துப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார்கள், சுற்றிலும் வெள்ளை மலைபோல் உப்புக் குவிந்து கிடக்கும் ஊரில் உப்பில்லாக் கஞ்சி. நாற்பதாம் நாள் ஒருத்தி கைப்பழக்கத்தில் ஒரு கல் உப்பைப் போட்டுவிட்டாள். அது பெரிய விஷயமாகி மூன்று நாள் பேசினார்கள். கடைசியில் அது கடல்காற்றில் வந்த உப்பு, ஆள் போட்டது இல்லை என்று முடிவு செய்தார்கள், போட்டவளும் ஆமாம் காற்றுத்தான் என்று சொல்லிவிட்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் ஒருவர் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், மூக்குக்கு நேராக ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தார். நூல் வெளிப்பக்கமாகவே ஆடியது. மூச்சு வெளியே போகிறது, உள்ளே வருவது தெரியவில்லை, மற்றபடி நலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காய்ச்சல் கேஸ் இருக்கிறது என்று போய்விட்டார்.

சுயம்பு தூங்கும்போதும் பாடினான். அப்போது அந்தச் சத்தம் தண்ணீர் இறைக்கிற மோட்டார் தூரத்தில் ஓடுவதுபோல ஒரே சீராக இருக்கும். உவர்க்குளத்தில் கைக்குழந்தைகள் அந்தச் சத்தம் இல்லாமல் தூங்க மாட்டோம் என்று அடம்பிடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. உப்பளத்துப் பெண்கள் அந்தத் தாளத்துக்கு உப்பை வாரிக் குவிக்கும் வாருபலகையை இழுத்தார்கள், வேலை இலேசாக இருக்கிறதாம். பஸ்ஸில் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்குப் பழைய பெயரை விட்டுவிட்டு, கபடி எல்லாம் இறங்கு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தென்கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் பதினான்கு கிலோமீட்டர் தாண்டி எங்கள் செந்தேரிவிளைக்கும் சத்தம் வரும். வந்தால் நெஞ்சு நிமிரும், வராத நாளில் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டோம், காற்று மாறிவிட்டதா அவன் விட்டுவிட்டானா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த மூன்று மாதமும் எங்கள் ஊரில் யாரும் உரக்கச் சிரித்ததாகவோ உரக்க அழுததாகவோ எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாரும் எதையோ கையில் ஏந்திக்கொண்டு நடக்கிறவர்கள்போல் மெதுவாக நடந்தோம்.

பலவேசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்காரர், எங்கள் ஊரில் குழந்தைகளைப் பயமுறுத்த அவர் பெயரைச் சொல்வது வழக்கம். பதினைந்து வருஷத்தில் சுயம்புவின் முன்பல் ஒன்றையும் இரண்டு விரலையும் உடைத்தவர் அவர்தான், அவருடைய காது மடலில் இருக்கும் தழும்பு சுயம்பு போட்டது. களத்திலேயே குடியிருக்க ஆரம்பித்த பிறகு அவருடைய குடும்பமே கோட்டு ஓரத்துக்கு வந்துவிட்டது. நாவிதர் களத்துக்கு வந்து நாலு பேருக்கும் சேர்த்தே முகம் மழித்துவிட்டார். சுயம்புவுக்கு மழிக்கும்போது தாடை ஆடிக்கொண்டே இருந்ததால் பலவேசம் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆடாம நில்லுல, வெட்டிருச்சின்னா உன் ஊர்க்காரன் என்னையத்தான் சொல்லுவான், என்று அவர் திட்டியதைக் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

தங்கக்கனி தினமும் காலை பஸ்ஸில் வந்தாள். களத்துக்குள் அவள் போக முடியாது, எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பாள். அவன் பாடிக்கொண்டே அவளைப் பார்ப்பான். கடிதத்தைப் பற்றி என்ன சொல்லுதிய, தலையையாவது ஆட்டுங்க என்று முதல் பத்து நாளும் கேட்டாள். அவன் தலை எல்லாப் பக்கமும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, பாடுகிறவன் தலை அப்படித்தான் ஆடும், அதில் எது சரி எது வேண்டாம் என்று யார் கண்டது. இல்லத்துக்குப் போன்செய்து கேட்டாள். தலையாட்டல் எல்லாம் செல்லாதும்மா, வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டு, வெறுமனே வந்து நின்றுவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்பிப் போனாள். கையில் ஒரு சின்னக் காலண்டர் வைத்திருந்தாள். ஊரெல்லாம் நாள் ஏற ஏற எண்ணிக்கொண்டிருந்தது, அவள் மட்டும் நாள் குறையக் குறைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

அறுபத்திரண்டாம் நாள் பலவேசத்தின் கடைசி மகளுக்குக் காதுகுத்து. ஏழு மாதக் குழந்தை. தேதி முன்னமே குறித்தது, தள்ளிப்போட முடியாது, தாய்மாமன் இல்லாத குழந்தை, அப்பா மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அப்பாவோ கோட்டைத் தாண்ட முடியாது. ஆகவே களத்துக்குள்ளேயே பாய் விரித்தார்கள். விருந்தாளிகள் கோட்டைச் சுற்றி வெளியே நின்றார்கள், மேளக்காரர்கள் இரண்டு நிமிடம் தயங்கிவிட்டு, சுயம்புவின் பாட்டுக்குத் தகுந்த தாளத்தில் வாசிக்க ஆரம்பித்தார்கள். குத்தி முடிந்து குழந்தை வீறிட்டு அழுதபோது ஆளாளுக்கு வாங்கிச் சமாதானம் செய்தார்கள். கை மாறி கை மாறி, யாரும் யோசிக்காத ஒரு விநாடியில் குழந்தை சுயம்புவின் கைக்கு வந்துவிட்டது.

தங்கக்கனி வெளியே நின்று பார்த்தாள். ஏழு பேர் மேலே விழுந்தாலும் உதறிக்கொண்டு வருகிற அந்தக் கைகள் இரண்டும் விறைத்துப்போய் முன்னால் நீண்டிருந்தன. கொதிக்கிற பானையைத் துணியில்லாமல் தூக்கியவன்போலக் குழந்தையை உடம்பில் ஒட்டவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண் குழந்தையின் முகத்தில் இல்லை, அதன் வயிற்றில் இருந்தது. வயிறு ஏறுகிறதா, இறங்குகிறதா, ஏறுகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் மட்டும் பாட்டு நடுங்கியதாகவும், ஆனால் முறியவில்லை என்றும் ஆசீர்வாதம் சார் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவர் ஒன்றும் பார்க்கவில்லை, முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை பஸ்ஸில் தங்கக்கனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லப் பயந்து, சொல்கிற வாயை வேறொன்றால் நிரப்பிக்கொண்டு நிற்கிறான். ஊர் நினைப்பதுபோல அவன் ஊருக்காக மூச்சைப் பிடிக்கவில்லை. ஒரு தடவை தன் கையில் ஒரு மூச்சு நின்றதைப் பார்த்தவன், இனிமேல் எதுவும் நிற்கக் கூடாது என்று நிற்கிறான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது.

எண்பத்தேழாம் நாள் எங்கள் அணியின் செயலாளர் கோயில்பிள்ளை அவளைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்தார். பாத்திரக்கடை வைத்திருப்பவர், கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் நாற்பது வருஷமாக அந்த அணியைத் தவிர வேறு எதையும் நினைத்ததில்லை. தான் எழுதிக் கேட்டதற்குச் சம்மேளனத்திலிருந்து பதில் வந்துவிட்டதாகச் சொன்னார். நூறாம் நாள் அதிகாரிகள் நேரில் வருகிறார்களாம், அதுவரை மூச்சு முறியாமல் இருந்தால் ஆட்டத்தைச் சமம் என்று அறிவித்து இரண்டு அணியையும் பிரிவிலேயே வைத்துக்கொள்வார்களாம். இன்னும் பதின்மூன்று நாள்தான் என்றார். தங்கக்கனி தன் காலண்டரைக் காட்டி, எனக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கு அண்ணாச்சி என்றாள். இல்லத்துக் கடிதத்தைப் பற்றி அவள் சொல்லி, அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறார். செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பிள்ளை இன்னொன்னு கிடைக்கும்மா. பிரிவு இன்னொன்னு கிடைக்குமா, நீயே சொல்லு."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவர் சொன்னது தப்பு என்று எங்களில் யாருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

மறுநாள் எண்பத்தெட்டாம் நாள். காலை பஸ்ஸில் வந்து இறங்கிய தங்கக்கனி, எப்போதும் நிற்கும் இடத்தில் நிற்காமல், செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். ஆடாதவர்கள் களத்துக்குள் வந்தால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை, அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. பலவேசம் மற்ற இரண்டு பேரையும் பார்த்தார், சங்கிலி ஒதுங்கி வழிவிட்டது. அவள் போய்ச் சுயம்புவுக்கு எதிரில் நின்றாள். கபடி கபடி என்று அந்தக் காற்று அவள் முகத்தில் அடித்தது, நெற்றி மயிர் பின்னால் பறந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்குத் திருநெல்வேலி போறேன். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருதேன். அந்தப் பிள்ளை காத்துக் கிடக்க வேண்டாம், வேற யார் வீட்டுக்காவது போகட்டும். உங்களால முடியலை. எனக்குத் தெரியும், எதனாலன்னும் தெரியும். எனக்குக் கோவம் இல்லை. பதில் சொல்லணுமேன்னு இப்படி நிக்காதீங்க. இனி நான் கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாலு அடி நடந்திருப்பாள். பாட்டு மெதுவானது. இரண்டு கபடிக்கு நடுவில் முதல்முதலாக ஓர் இடைவெளி விழுந்தது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, அதற்குப் பிறகு அந்த வார்த்தை வரவில்லை.

"எழுதாத," என்றான் சுயம்பு.

அதற்கப்புறம்தான் அவன் மூச்சை உள்ளே இழுத்தான். எண்பத்தெட்டு நாள் வெளியே போனது மொத்தமும் திரும்பி வருவதுபோல இருந்தது அது. பந்தலின் ஓலை உட்பக்கமாகச் சரிந்தது, அம்பாரத்து உப்புத்தூள் கிளம்பி வந்து அவன் மேலெல்லாம் படிந்தது, பலவேசத்தின் துண்டு தோளிலிருந்து நழுவி அவன் காலடியில் போய் விழுந்தது. இழுத்து முடித்ததும் சுயம்பு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தங்கக்கனி திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்கு கனி."

"எனக்கும்தான்."

ஆசீர்வாதம் சார் வலது கையைத் தூக்கினார். எண்பத்தெட்டு நாள் முழங்காலில் வைத்தே இருந்த கை, அது மேலே போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்த ஆளின் முகத்தை முதல்தடவையாகப் பார்த்தார். பலவேசம் வந்து விதிப்படி சுயம்புவின் தோளைத் தொட்டு அவுட் என்றார், தொட்ட கையை எடுக்காமலே நின்றார்.

"போதும்லே சுயம்பு. வீட்டுக்குப் போ. நானும் போறேன்."

சொன்னவர் கோட்டைத் தாண்டினார், மூன்று மாதமாகப் பார்க்காத தன் வீட்டைப் பார்க்க ஓட்டமும் நடையுமாகப் போனார். ஜெயித்த அணியின் தலைவரைத் தோளில் தூக்க வந்த கூட்டம் அவரைப் பிடிக்க முடியாமல் பின்னாலேயே ஓடியது.

செந்தேரிவிளையில் அன்றைக்குத் தென்கிழக்குக் காற்றுத்தான் அடித்தது. சத்தம் நின்றபோது முதலில் எங்களுக்குக் காது கேட்காமல் போய்விட்டது என்றே நினைத்தோம். கடைக்காரர் தராசில் தட்டிப் பார்த்தார், தட்டியது கேட்டது. பிறகுதான் விஷயம் புரிந்தது. நாங்கள் பிரிவிலிருந்து போய்விட்டோம். எல்லாரும் தெருவுக்கு வந்து நின்றோம், யாராவது ஆத்திரப்பட ஆரம்பித்தால் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒருவரையொருவர் பார்த்தோம், யாரும் ஆரம்பிக்கவில்லை. யாரோ ஒருவர் அப்பாடா என்றார். அதைக் கேட்டு அடுத்தவருக்கும் நெஞ்சு இறங்கியது, அதற்கடுத்தவருக்கும் இறங்கியது, தெரு நெடுக அப்படியே இறங்கிக்கொண்டே போனது. பங்குனியிலிருந்து நாங்கள் எல்லாரும் பாதி மூச்சுத்தான் விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு வீட்டில் ஒரு பெண் உரக்கச் சிரித்தாள். இன்னொரு வீட்டில் மாமியார் இறந்து இரண்டு மாதமாகியும் அழாதிருந்த மருமகள் நன்றாக அழுதாள். கோயில்பிள்ளை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உவர்க்குளத்துக்குக் கத்துவதற்காகவே போனார். போய் இறங்கி, உப்புத்தூள் படிந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்து, வாயைத் திறந்தார், திறந்த வாய்க்குள் காற்றுப் போனது, மூடிக்கொண்டார். ஒரு சோடா வாங்கிக் குடித்தார். பிறகு அவர்களை வண்டியில் கூட்டிக்கொண்டு போய்ப் பஸ் ஏற்றிவிட்டவர் அவர்தான், கடைசி பஸ் போய்விடும் வாம்மா வாம்மா என்று தங்கக்கனியை விரட்டிக்கொண்டே போனார்.

எண்பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் திருநெல்வேலியில் அந்த இல்லத்து அதிகாரி அம்மாள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டார். தங்கக்கனி சம்மதம் என்றாள். சுயம்புவும் சம்மதம் என்றான், குரல் கரகரத்தது, ஒன்றும் விளங்கவில்லை என்று அவர் மறுபடி கேட்டார், மறுபடியும் சொன்னான், மூன்றாவதாக யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னான். குழந்தையைக் கூட்டிவந்தார்கள். அமலி ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டிருந்தாள். சுயம்புவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்னொரு செருப்பைத் தேடித் தரும்படி கையைக் காட்டினாள், அவன் மண்டியிட்டு மேஜைக்கு அடியில் தேட ஆரம்பித்தான்.

அதிகாரி அம்மாள் கபடியெல்லாம் பார்க்கிறவர் இல்லை. தொண்ணூறு நாள் கொடுத்தும் ஏன் கடைசி நேரத்தில் வந்தீர்கள், ஊரில் இல்லையா என்று ஃபைலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஓர் ஆட்டம் இருந்தது மேடம், இழுத்துக்கொண்டே போய்விட்டது என்றாள் தங்கக்கனி.

"ஜெயிச்சீங்களா?"

"இல்ல மேடம்," என்றான் சுயம்பு மேஜைக்கு அடியிலிருந்து. செருப்பு கிடைத்துவிட்டிருந்தது. "தோத்துட்டோம்."

அதை அவன் சொன்ன விதத்தில் அதிகாரி அம்மாள் தலையை நிமிர்த்தி, சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று தங்கக்கனியைப் பார்த்தார். தங்கக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே அமலியும் சிரித்தாள். சுயம்பு அவள் காலைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்து, செருப்பின் வாரைப் பிடித்து, இறுக்கமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா, வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாக அவளிடமே கேட்டுக்கேட்டு மாட்டிக்கொண்டிருந்தான்.